நிக்கலா, டைமா?

1

பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். (இதை அடித்துவிடலாம். மனைவியை இழந்தவன் கதை என்றால் இரண்டாவது டம்ளர் வந்தே தீரும் போல. நான் எடுத்தது ஒன்றுதான். அதையும் கழுவவில்லை.) பிறகு அத்தை, அதாவது என் மனைவியின் அம்மா, போன் செய்தார். இந்தக் கதை பிறந்தது அந்தப் போனில்தான்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"கடைசியா அவ என்ன சொன்னா? மழுப்பாம சொல்லுங்க."

"விளையாட்டைப் பத்தித்தான்."

"அம்மான்னு ஒரு வார்த்தைகூடவா வரல? சாயங்காலம் வரேன். யோசிச்சு வைங்க."

யோசிக்கச் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

2

அமெரிக்கக் கால்பந்து. காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. நானும் அவளும் ஆடியது அதன் வீடியோ கேம்; நாங்கள் ஓரணி, எதிரே கம்ப்யூட்டர். பந்து அவர்கள் கைக்குப் போனால், தடுக்க நம் ஆட்கள் எப்படி நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் திரை கேட்கும். நீள எறிதலைத் தடுக்கும் பின்வரிசையில் ஐந்து பேர் என்றால் நிக்கல். ஆறு பேர் என்றால் டைம். இரண்டும் அந்த நாட்டுச் சில்லறைக் காசுகளின் பெயர்.*

நான் நிக்கல்தான் வைப்பேன். எதிரணி நீளமாக எறிந்து, பிடித்து, ஓடிவிடும். "நிக்கல் நிக்கல" என்பாள். மட்டமான ஜோக். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்தவள்போல் சிரிப்பாள்.

(* தமிழில் எழுதினால் காசும் நேரமும் ஒரே டைம்தான். தத்துவம் தேடவேண்டாம். தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.)

3

அன்று எதிரணிக்கு ஒரே ஓர் எறிதல் பாக்கி. அது பலித்தால் நாங்கள் காலி. நான் நிக்கலுக்குப் போனேன். அவள் ஒன்று சொன்னாள். தண்ணீர் குடிக்க எழுந்தாள். சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார் டாக்டர். அவளுடைய முகம் அப்போது

வேண்டாம்.

4

அத்தைக்கு ஏற்ற கடைசி வார்த்தைகள்:

அ) "அம்மாவைப் பாத்துக்கோ." நம்பமாட்டார். இருவருக்கும் ஹலோவுக்கு அடுத்த வார்த்தையே சண்டை.

ஆ) "நீ இன்னொரு கல்யாணம்..." இதை எழுதியவனை அவள் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

இ) "அம்மா." சுருக்கம். அழகு. பொய் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

5

அத்தை வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யோசிச்சீங்களா?"

'இ' என் நாக்கு நுனிவரை வந்தது.

"மாப்பிள்ளை, என் பொண்ணு சொன்னதைச் சொல்லுங்க. நீங்க எழுதினது எனக்கு வேணாம்."

இவரிடம் யார் சொன்னது, நான் எழுதுகிறேன் என்று?

நான் எதைச் சொன்னேன் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். இலக்கியம் அதற்குத்தான் இருக்கிறதாம். அவள் சொன்னதில் மட்டும் கைவைக்கவேண்டாம். அது இது:

"டைம் போடுடா மக்கு. நிக்கல் நிக்காது."