கதவடி வெளிச்சம்

பேராச்சி தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் ஒட்டவைத்துக் கதவின் அடிவிளிம்பைப் பார்த்தாள். மாத்திரை பேக்கிங் கூடத்தின் விளக்குகளை அணைத்தாயிற்று. வெளியே ஜெஸி விளிம்போரமாக டார்ச்சை நகர்த்திக்கொண்டு வந்தாள். வெளிச்சம் கசியும் இடத்தில் சுண்டெலிக்கு வழி உண்டு, கரப்பானுக்கும் உண்டு. மூலையில் மெல்லிய கீற்று ஒன்று தெரிந்தது. பேராச்சி ரப்பர் பட்டையை இழுத்து, திருகாணியை முறுக்கி, மறுபடியும் படுத்தாள். கும்மிருட்டு.

"ஏளா, டார்ச்சு எரியுதா, அணைச்சுப் போட்டியா?"

"எரியுதுக்கா! கண்ணு கூசுது!"

"அப்பம் பக்கா!" கதவைத் திறந்தவளின் முகமெல்லாம் தூசி, வாயெல்லாம் சிரிப்பு.

"மொகரயக் கழுவுக்கா. வெள்ளக்காரி பாத்தா, எலி உள்ளதான் இருக்குன்னு எழுதிருவா."

அன்று வெளிநாட்டுத் தணிக்கைக் குழு வருகிறது. கம்பெனி தேறியது என்று அது எழுதிவிட்டால், ஏஜென்ட் மூலம் வந்த துப்புரவு ஆட்களைக் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும் என்று மேனேஜர் வெங்கடேஸ்வரன் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். மும்பை தாராவியிலிருந்து கோபர்கைரனேயில் இருக்கும் கம்பெனிக்கு வரும்வரை இருவருக்கும் அதே பேச்சு. பர்மனென்ட் ஆனால், பேராச்சியின் கணவன் அய்யாத்துரையின் முதுகுத்தண்டு ஆபரேஷனைக் கம்பெனி மருத்துவக் கார்டில் முடித்துவிடலாம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெங்கடேஸ்வரன் புதுச் சட்டையும் பரபரப்புமாக வந்தார். "பேராச்சி, வாசல் மொட்டையா இருக்கு. பெரிசா ஒரு கோலம் போட்டுடு. அவாளுக்கு நம்ம கல்ச்சர்னா உசிர்."

"கோலப்பொடி வாங்கியாரட்டா, ஸார்?"

"கல்பொடி வேண்டாம். பறந்தா தூசின்னு எழுதிடுவா. கேன்டீன்ல அரிசி மாவு கேளு."

அவள் கை பறந்தது. கதவுக்கு முன்னால் எட்டுத் தாமரைகள் விரிந்தன. "பந்தலும் கட்டிருவமாக்கா?" என்றாள் ஜெஸி.

கார்கள் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குழுத்தலைவி கோலத்தைக் கண்டு கைகூப்பினாள். பேராச்சிக்கு உடம்பு புல்லரித்தது. படமெடுக்கக் குனிந்த அந்த அம்மாளின் கைபேசி பாதியில் நின்றது. தாமரை இதழ்களின் மேல் எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. எறும்புச் சாரை ஒன்று கதவுவரை போய், ரப்பர் பட்டையில் நுழைய வழியின்றி, முன்னும் பின்னும் அலைந்தது.

வெங்கடேஸ்வரன் ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். பிறகு பேராச்சியின் பக்கம் திரும்பினார்.

"யாரைக் கேட்டுண்டு போட்டே? கார்டைக் கழட்டிக் குடுத்துட்டுக் கெளம்பு."

"நீங்கதான ஸார் அரிசி மாவுல..."

குழுவை அழைத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். ஜெஸி ஈரத் துணியால் தாமரைகளைத் துடைத்தாள், தலை நிமிரவில்லை.

சாயங்காலம் இருட்டியபோது கூடத்து விளக்குகள் அத்தனையும் எரிந்தன. தன் தூக்குச்சட்டியை ஜெஸி எடுத்துவருவாள் என்று பேராச்சி கதவுக்கு வெளியே காத்துநின்றாள். திடீரென்று உள்ளே கைதட்டல் வெடித்தது, யாரோ விசிலடித்தார்கள். தேறிவிட்டது! அவளை அறியாமலே அவளுடைய கைகளும் தட்டுவதற்கு உயர்ந்தன.

உயர்ந்த கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, கதவடியைப் பார்த்தாள்.

ஒரு கீற்று வெளிச்சங்கூட வெளியே வரவில்லை.