பூந்திக்கு உப்பில்லாத பங்கு

பூஜா போனிலேயே கெடு வைத்துவிட்டாள்.

"பத்து நாள் டைம் மாமா. அதுக்குள்ள பூந்தி ஒழுங்கா சாப்பிடலன்னா நான் வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். அக்கா ஆசையா வளர்த்த நாய். போட்டோவுல எலும்பு எண்ணலாம் போல இருக்குது."

கலையரசன் "சரி" என்றான். ஐந்து மாதமாக எதற்கும் அவன் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி இலக்கியா காய்ச்சலில் இறந்தபின் அவள் அம்மா வந்து புடவைகளை எடுத்துப்போனாள். சரி என்றான். ஒன்றும் ஆகவில்லை. நாயைக் கொண்டுபோவேன் என்று மச்சினி சொன்னதும்தான், போனை வைத்துவிட்டு நாயின் விலா எலும்பை விரலால் எண்ணிப் பார்த்தான்.

பூந்தி கடலைமாவு நிறத்தில் ஒரு நாட்டு நாய். முன்பெல்லாம் பகலில் இலக்கியாவோடு வீட்டில் கிடக்கும். இப்போது வீட்டில் ஆளில்லை என்பதால், காலையில் உப்பளத்துக்குப் போகும்போது ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போனான்.

பூஜா இடையஞ்சாவடிக்காரி. ஆரோவிலில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். "எங்க மேடம் வீட்டு நாய்ங்க ரெண்டும் பச்சைக்கறிதான் மாமா. குதிரை மாதிரி இருக்குது" என்று சொல்லியிருந்தாள். முதலில் அதையே செய்தான். கோழிக் கழுத்து வாங்கி வந்து தட்டில் வைத்தான். பூந்தி மோந்து பார்த்தது. திரும்பிப்போய் ஒரு சட்டித் தண்ணீரையும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மரக்காணத்து வெயிலில் அரைமணி நேரத்தில் கறி வாடை எடுத்தது. எறும்புக்குத்தான் விருந்து.

அடுத்து கடையில் விற்கிற பாக்கெட் நாய்த்தீனி. "இதைச் சாப்பிடாத நாயே கிடையாது சார்" என்றார் கடைக்காரர். பூந்தி ஓர் உருண்டையை வாயில் எடுத்தது. வாசல்வரை கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்தது. கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் சமைத்தான். அவள் போனபிறகு அவன் அடுப்பு பற்றவைக்கவில்லை. மூன்று வேளையும் மெஸ்தான். குழைந்த சோறு, கோழி ஈரல், கொஞ்சம் கேரட். நாய்க்கு உப்பு ஆகாது என்று படித்திருந்ததால் போடவில்லை. வேண்டாத சொந்தக்காரர் வீட்டில் கை நனைப்பதுபோல் பூந்தி இரண்டு வாய் தின்றது. பிறகு மறுபடியும் தண்ணீர்ச் சட்டிக்குப் போய்விட்டது.

உப்பளத்தில் வேலம்மாளிடம் சொன்னான். இருபது வருஷமாக அங்கே உப்பு வாருகிறவள்.

"உப்பில்லாத சோத்தை எது தின்னும் தம்பி? ஒரு சிட்டிகை போட்டுப் பாரு."

போட்டான். மறுநாள் விடிகாலையில் பூந்தி கூடத்தில் வாந்தியெடுத்துக் கிடந்தது. நான்கு நாள்தான் பாக்கி. ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினான்.

டாக்டர் சிவப்பிரகாசம் ஈறை அழுத்திப் பார்த்தார். முதுகுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார்.

"தண்ணி நிறைய குடிக்குதா?"

"ஓயாம குடிக்குது."

"கருவாடு போடுறீங்களா?"

"இல்ல சார். நேத்து ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். அவ்வளவுதான்."

"ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு ஆகாது. எங்கேயோ தினமும் உப்பு உள்ள போகுது. அதைக் கண்டுபிடிங்க. வயிறு பூரா தண்ணியா இருந்தா, பச்சைக்கறி, சோறு, பாக்கெட் எதை வச்சாலும் ஏறெடுத்துப் பார்க்காது."

ஓர் ஊசி போட்டு அனுப்பினார்.

பாத்தித் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் கலையரசனின் வேலை. அதற்குத்தான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. தன் நாய்க்குள் ஏறுகிற உப்பு எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பூந்தியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருந்தான். அது பாத்தித் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. பத்து மணிக்கு ஆட்கள் கரையேறி, கொட்டகை நிழலில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் அவன் எப்போதும் தூரத்து வரப்பிலேயே நின்றுவிடுவான். அவன் போனால் அவர்கள் பேச்சைத் தணித்துக்கொள்வார்கள். அது அவனுக்குப் பிடிக்காது. அன்று நாயின் பின்னால் போனான்.

எட்டுப் பேரும் காலை நீட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உப்பளத்தில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும்தான். கால் கழுவுவது வேலை முடிந்து கிளம்பும்போது ஒரே தடவை. அதுவரைக்கும் முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். பூந்தி அந்தக் கால்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு வந்தது. வேலம்மாள் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளாக்கா இது நடக்குது?"

"நீ கூட்டியாந்த நாள்லேர்ந்துதான். வெடிப்புல அரிப்பு அடங்குது தம்பி. சொகமா இருக்குது."

"என் ரெண்டு காலையும் முடிச்சிட்டுத்தான் அடுத்த ஆளுகிட்ட போவும்" என்றார் தங்கராசு பெருமையாக.

டாக்டர் சொன்னதைச் சொன்னான். வேலம்மாள் காலை வெடுக்கென்று மடக்கிக்கொண்டாள்.

"அடப்பாவிங்களா, எட்டு பேரு சேர்ந்து ஒரு நாயை ஊறுகா போட்டிருக்கோமே. ஏம்பா தங்கராசு, இதுல உனக்கு ரெண்டு காலு கணக்கு வேற."

கலையரசன் சிரித்துவிட்டான். அந்தச் சத்தம் யாருடையதோ போல் இருந்தது.

அதன்பின் பத்து மணிக்கு அவனே பூந்தியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தான். வரப்பில் நிற்க வழியில்லை. அவர்களும் இரண்டாம் நாளே குரலைத் தணிப்பதை மறந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூஜா வந்தாள். நாயைத் தூக்கிப்போகப் பெரிய கூடை கொண்டுவந்திருந்தாள். காலையிலேயே பூந்தி ஈரல் சோற்றை வழித்துத் தின்றுவிட்டது என்று அவன் சொன்னதை நம்பவில்லை. கையோடு கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஒரு பச்சைக் கோழிக் கழுத்தைப் போட்டாள். போன இடம் தெரியவில்லை. பாக்கெட் உருண்டை நாலு போட்டாள். அதுவும் காலி.

"எல்லாத்தையும் தின்னுது மாமா. இதையா வாய்க்கு ருசி தேடுதுன்னு திட்டினோம்? சரி, இனிமே எதைப் போடுவீங்க?"

"சோறுதான். கறி இந்த வெயிலுக்குத் தாங்காது. பாக்கெட் அவசரத்துக்கு இருக்கட்டும்."

"தினம் நாய்க்குன்னு தனியா சமைப்பீங்களா?"

"தனியா எதுக்கு? எனக்கு வைக்கிறதுல உப்பு, காரம், வெங்காயம் போடுறதுக்கு முன்னாடி அதோட பங்கை எடுத்துட வேண்டியதுதான்."

பூஜா அவனை ஒருமுறை பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"அப்ப மெஸ்?"

"நாலு நாளா போகல."

அவள் காலிக் கூடையைக் கொண்டுபோய் ஸ்கூட்டியில் மாட்டிவிட்டு வந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உப்பு போட்ட பங்கு மீதி இருக்குதா மாமா? பசிக்குது" என்றாள்.

அவன் தட்டை எடுக்கப் போனான்.