முழுகிட்டு வா

டிரஸ்ஸர் ராஜப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மைசூர்ச் சீமைக்காரர், கன்னடம் பேசுகிறவர். தமிழும் பேசுவார், ஆனால் நாம் சொல்வது பாதிதான் ஏறும். எங்கள் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டருக்கு அடுத்தபடி எல்லாம் அவர்தான். எங்கள் சேரி ஜனம் யார் போனாலும் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே எட்ட நிற்க வேண்டும். "நாக்கை நீட்டு" என்பார். அங்கிருந்தே பார்ப்பார். ஜன்னலில் சாய்த்து வைத்த மூங்கில் குழாய் வழியாக மருந்துப் பொட்டலம் சறுக்கிக்கொண்டு வரும். தொட்டால் தீட்டாம். எங்கள் ஆண்கள் தோண்டியெடுத்த தங்கத்துக்கு மட்டும் தீட்டு கிடையாது போலிருக்கிறது. கையைப் பிடித்து நாடி பார்க்கிற பேச்சே இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்து, எங்கள் கோரமண்டல் சுரங்கப் பகுதியில் குடிக்கவே தண்ணீர் இல்லை. மாட்டுவண்டியில் பீப்பாய் வந்தால் அடிதடிதான். அப்போதுதான் என் தம்பி பெண்டாட்டி தங்கம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. முன்னால் இரண்டு கரு கலைந்து போய், கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டு, மறுபடி வயிற்றில் வாங்கியிருந்தாள். குச்சி உடம்பு. புடவைக்குள் வயிறு இருப்பதே தெரியாது. காலையில் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. தம்பி முனிரத்தினம் ஷிப்டுக்குப் போய்ப் பூமிக்கடியில் இருந்தான். நானே அவளைத் தாங்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த ஜன்னலடிக்குப் போனேன்.

"சாமி, எந்தம்பி பொஞ்சாதிக்கு ஜொரம் கொதிக்குது. முழுகாம கீறா சாமி. பாத்து மருந்து குடுங்க."

ராஜப்பா மூக்கைச் சுளித்தார். "முழுகாமலா? எத்தனை நாளா?"

"நாலு மாசமா சாமி."

"நாலு மாசமா! சீச்சீ! காய்ச்சல் வராம என்ன செய்யும்? முதல்ல முழுகிட்டு வா. அப்புறம் பார்க்கலாம்."

முழுகாமல் இருப்பவளை முழுகிட்டு வா என்றால் எங்கள் பெண்கள் காதுக்கு ஒரே அர்த்தம்தான்: கருவைக் கலைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வா. அதற்குள் குழாயில் ஒரு பொட்டலம் வந்து விழுந்தது.

"இது இன்னா மருந்து சாமி?"

"உள்ளே இருக்கிறது எல்லாத்தையும் வெளியே தள்ளிடும். தண்ணியில் கரைச்சு ஒரே மடக்கில் குடிக்கச் சொல்லு."

தங்கம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் பல் கிட்டித்துப் பேச்சே குழறியது. "வேணாக்கா. செத்தாலும் இத குடிக்க மாட்டேன். வூட்டுக்குப் போலாம்."

வீட்டுக்குப் போனால் காய்ச்சல் அவளைத் தின்றுவிடும். குடித்தால் பிள்ளை போய்விடும். எனக்கு வந்த ஆத்திரத்தில், அவளை அணைத்து நடத்திக்கொண்டு, நாங்கள் கால் வைக்கக் கூடாத முன்வாசல் வராந்தாவில் ஏறிவிட்டேன். அங்கேயே அவளைக் கிடத்திக் கத்தினேன்.

"தொரே! உங்க ஆளு எங்க புள்ளய கொல்ல மருந்து குடுக்கிறான் தொரே!"

டாக்டர் துரை சுருட்டோடு வெளியே வந்தார். எங்களோடு பழகிப் பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். பின்னாலேயே ராஜப்பா ஓடி வந்து, வழக்கம்போல எட்ட நின்றார்.

"என்ன சத்தம், ராஜப்பா?"

"இவள் நாலு மாசமாகக் குளிக்கலை, துரை. குளிச்சிட்டு வரச் சொன்னேன். அதுக்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம்."

அடப்பாவி மனுஷா! குளியலையா சொன்னாய்? ஒரு தடவை பக்கத்தில் வந்திருந்தால், ஒரு தடவை கை வைத்துப் பார்த்திருந்தால் இந்த வினை வருமா? பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தங்கம்மாவின் வயிற்றில் அந்தக் கையை வைத்து அழுத்தினேன்.

"இதத்தான்யா முழுகாம கீறான்னேன்! புள்ள! உள்ள புள்ள கீது!"

"பசுரியா?" என்றார். கர்ப்பிணியா என்று கேட்க அவர் வாயில் கன்னடம்தான் வந்தது. முகம் வெளிறிவிட்டது.

துரை என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்து முகர்ந்தார். "கர்ப்பிணிக்கு இவ்வளவு பேதி மருந்தா?" என்று அதைத் தூக்கி எறிந்தார். "உள்ளே கட்டிலில் போடுங்கள். மருந்து நான் தருகிறேன். ராஜப்பா, நீ கூடவே இருந்து நாடியைப் பார். கையால் பிடித்துப் பார்! தளர்ந்தால் உடனே என்னைக் கூப்பிடு."

அன்றைக்கு ராஜப்பா பார்த்த நாடி இருக்கிறதே! இரண்டு விரல் நுனியால் தொடுவார். நேரே கொல்லைக்குப் போவார், பீப்பாய்த் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார், சொட்டச் சொட்ட வருவார். திரும்பத் தொடுவார், திரும்ப ஓடுவார். குடிக்க நாதியில்லாத ஊரில் அத்தனை தண்ணீர்! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். தங்கம்மாவின் உயிர் அந்த விரலில் இருந்தது.

பொழுது சாயும்போது அவள் முனகுவதை நிறுத்திவிட்டாள். கை துவண்டு கிடந்தது. ராஜப்பா வாசற்படியில் வெறும் செம்போடு நின்றார். பீப்பாய் காலி.

"சாமி, கை ஜில்லுன்னு போவுது சாமி. வந்து பாருங்க!"

அவர் செம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நகரவில்லை.

"ரெண்டு உசுரு சாமி" என்றேன்.

செம்பைக் கீழே வைத்தார். வந்து அவள் மணிக்கட்டை முழுக்கையால் பிடித்தார். இன்னொரு கையை நெற்றியில் வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"வேர்த்திருக்கு. காய்ச்சல் இறங்குது. நாடி நல்லா இருக்கு" என்றார்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மனுஷர் போகாமல் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"இன்னா சாமி, இப்ப நீங்களும் முழுகாம கீறீங்களா?"

இந்தத் தடவை அவருக்கு அர்த்தம் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். கட்டிலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தங்கம்மா கண்ணைத் திறக்காமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா கெட அக்கா. புள்ள முழிச்சுக்கப் போவுது."