சீக்கிரம் கேட்க வேண்டும்

“யாருக்கம்மா தளர்ச்சி? சொல்லு, யாருக்கு?”

பல் டாக்டர் போட்ட சத்தம் அறக்கட்டளை அலுவலகத்தைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் கேட்டது.

“டாக்டர், முதல்ல உட்காருங்க...”

“என்னை உட்காரச் சொல்றியா? நீ என்னைக்காவது ஒரு இடத்துல உட்கார்ந்திருக்கியா?”

பேச்சில் நியாயம் இருந்தது. ரசீதக்கா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கொடுக்கலாமா வேண்டாமா என்று எதிராளி யோசிப்பதற்குள் ரசீதைக் கிழித்துக் கையில் திணித்துவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். எந்தக் காலத்திலோ இரண்டு படைகள் மோதிக்கொண்ட மேட்டில் கட்டடம் முளைக்காமல் புல் மட்டும் முளைக்க வேண்டும் என்று ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தவள். இருபத்திரண்டு வருஷமாக அறக்கட்டளைக்கு அவள்தான் தலைவி. சுவரில் மாட்டிய வரைபடம் முழுக்கப் பச்சையாகிவிட்டது, நட்டநடுவில் டாக்டரின் நாலு ஏக்கரைத் தவிர. வாயில் ஒரு பல் போன மாதிரி அந்த வெள்ளைக் கட்டம் அவளைத் தூங்கவிடவில்லை. அதை விலைக்குக் கேட்ட ஒரு கிடங்குக் கம்பெனிக்காரன் வேறு டாக்டருக்கு வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருந்தான்.

இந்த நேரத்திலா அந்தக் கூத்து நடக்க வேண்டும்? நன்கொடை தருகிறவர், தரக்கூடியவர் எல்லாருக்கும் அக்காவிடம் ஆளுக்கொரு அட்டை உண்டு. முழங்கால் வலி, மருமகள் சண்டை எல்லாம் அதில் இருக்கும். (நம் தெருவில் வாயால் செய்வதை அவள் எழுத்தில் செய்தாள், அவ்வளவுதான்.) டாக்டருக்குப் போன வாழ்த்துக் கடிதத்தின் உறைக்குள் டாக்டருடைய அட்டையும் சேர்ந்து போய்விட்டது. ஒட்டி அனுப்பியவள் அங்கேயே வேலை பார்க்கும் தங்கை.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “‘நாயை விசாரிக்கவும். மகன் பேச்சை எடுக்க வேண்டாம். உடம்பு தளர்ச்சி. சீக்கிரம் கேட்க வேண்டும்.’ அடியில ரெண்டு கோடு வேற!”

தங்கை குறுக்கே பாய்ந்தாள். “ஐயோ டாக்டர், கேட்கணும்னா நிலத்தை இல்ல. உங்க அனுபவத்தையெல்லாம் உட்கார்ந்து கேட்கணும்னு அக்காவுக்கு ரொம்ப நாளா ஆசை.”

அண்டப்புளுகு. டாக்டர் சொத்தையைத் தேடுவதுபோல அவள் வாயையே பார்த்தார்.

“அப்படியா? சரி. வெள்ளிக்கிழமை வரைக்கும் தினம் வர்றேன். நான் சொல்வேன், உங்க அக்கா கேட்கணும். நடுவுல வாயைத் திறந்து ஏதாவது கேட்டா, நிலம் கிடங்குக்காரனுக்கு.”

“கேட்காம கேட்கணும்,” என்றாள் ரசீதக்கா.

“அதேதான்.”

செவ்வாயன்று நாயின் வயிற்றுக் கோளாறு. புதனன்று ஊரிலுள்ள கடைவாய்ப் பற்களின் வரலாறு. அக்கா நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். மேசைக்கடியில் கால் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ‘பத்திரம் எப்போ டாக்டர்’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்து வந்து திரும்பியது. வியாழக்கிழமை தங்கை ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள், வாயை அடைத்து வைக்க.

வெள்ளிக்கிழமை டாக்டர் தானாகவே மகன் பேச்சை எடுத்தார்.

“அவனும் பல் டாக்டர்தான். ஊரைக் கூப்பிட்டு நான்தான் அவனோட முதல் நோயாளியா உட்கார்ந்தேன். பதட்டத்துல நல்ல பல்லைப் பிடுங்கிட்டான். நான் எல்லார் முன்னாடியும் கத்தினேன். கம்பவுண்டர் முன்னாடி, நர்ஸ் முன்னாடி. மறுநாள் காலையில வீட்டு வாசல்ல வந்து நின்னான்.”

நிறுத்தித் தண்ணீர் குடித்தார். மடக் மடக்கென்று, நிதானமாக. பேனா மூடி கீழே விழுந்து உருண்டது, அக்கா குனியவில்லை. கால் ஓடவில்லை.

“அப்புறம்?” என்றாள்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “அக்கா! கெடுத்தியே!”

டாக்டர் டம்ளரை வைத்தார். “அப்புறம் ஒண்ணுமில்ல. நான் கதவைத் திறக்கல.”

பிறகு மேசையிலிருந்த பத்திரத்தை இழுத்து மூன்று ஏக்கருக்குக் கையெழுத்துப் போட்டார். “தோத்ததுக்கு ஒரு ஏக்கர் அபராதம். அது கிடங்குக்காரனுக்கும் இல்ல, உனக்கும் இல்ல. நானும் நாயும் நடக்க.”

பழைய ரசீதக்காவாக இருந்தால் அந்த ஒரு ஏக்கருக்காகப் படி இறங்கும்வரை துரத்தியிருப்பாள். இவள் வாசல் வரை போய், “மகன் இப்போ எந்த ஊர்ல இருக்கார்?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அத்தோடு தொழில் கெட்டது. பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போவாள், இரண்டு மணி நேரம் அவர்கள் குறையைக் கேட்பாள், ரசீதுப் புத்தகத்தைத் திறக்காமலே திரும்பி வருவாள். வசூல் பாதியானது. நிர்வாகக் குழு முணுமுணுக்கும் முன்பே, வருஷக் கடைசியில் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்.

இப்போது தலைவி தங்கைதான். அந்த ஒரு ஏக்கரைப் பிரித்து அளக்க வந்த சர்வேயரையே கட்டிக்கொண்டாள்; அளக்க ஒரே நாள் போதும், அவர் ஒன்பது நாள் வந்தது அப்போதே நமக்கு உறுத்தியது. டாக்டர் நாயோடு மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். அக்கா ஏதோ கடலோர ஊரில் வீடு பார்த்துக் குடிபோயிருக்கிறாளாம். அங்கே என்ன செய்கிறாள் என்று தங்கை வாயிலிருந்து இன்னும் பிடுங்க முடியவில்லை.