சிலுப்பாத டிராக்டர்

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம் ஈச்சம்பட்டிக்கு வந்து சேர்ந்த டிராக்டருக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பின்பக்கம் மட்டும் எழும்பவில்லை. முன்னால் போகும், பின்னால் போகும், ஹாரன் அடித்தால் ஊர்ச் சேவல்கள் மரியாதையாகப் பதில் கூவும். ஆனால் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லீவரை மேலே இழுத்தால் பின்னால் மாட்டிய கலப்பை தூக்க வேண்டுமே, அது தூக்காது. டி. கல்லுப்பட்டியில் வண்டியை விற்ற ஆள், "பழகினாத் தூக்கும்ணே. புது எடமில்லையா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். புது மாட்டுக்கு இருக்கிற கூச்சம் இதற்கும் இருக்கும்போல என்று அதை வாங்கிய காசிமாயன் நம்பிவிட்டான்.

நம்பாமல் என்ன செய்வது. உழவு மாடு ஒரு ஜோடியை விற்றுத்தான் இதைக் கொண்டுவந்திருந்தான். விற்ற அன்றிலிருந்து அவன் மனைவி ஒச்சாயி அவனோடு பேசுவதில்லை. "இந்த வண்டி உழுது, அதுல நான் வெதச்சு முடிக்கிற அன்னைக்குத்தான் பேச்சு" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டுச் செய்தியெல்லாம் அவனுக்கு அடுப்பு வழியாகவே வந்துகொண்டிருந்தது. ஆவணி மழை அப்போதுதான் பெய்து ஓய்ந்திருந்தது. மேட்டுப் புஞ்சை. வெயில் ஏறினால் ஈரம் ஓடிப்போகும். ஈரம் போனால் அந்த வருடத்துச் சோளம் போகும், சோளத்தோடு ஒச்சாயியின் பேச்சும் போகும்.

ஆகவே முதல் நாள் தூக்காத கலப்பையோடே உழவில் இறங்கினான். முதல் சால் அருமையாக விழுந்தது. வரப்பு வந்ததும் லீவரை இழுத்தான். கலப்பை எழும்பவில்லை. அதன் இரும்புக் கொத்துகள் ஒன்பதும் மண்ணில் ஆழமாக இறங்கிக் கிடக்க, வண்டி திரும்ப மறுத்து நேராகவே போயிற்று. நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் அடுத்த புஞ்சை வெள்ளைத்துரையின் மிளகாய்த் தோட்டம். வெள்ளைத்துரை மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அந்த இடத்தில் நிறுத்துவதைக் காட்டிலும் போவதே நல்லது என்று காசிமாயனுக்குப் பட்டது. மிளகாய்த் தோட்டம் தாண்டி, களம் தாண்டி, ஓடை இறங்கி ஏறி, ஒரே சாலாக அடுத்த ஊரான முத்தாண்டிபுரம் வரைக்கும் போய், கண்மாய்க்கரை முட்டி நின்றான். அங்கே உள்ள சனம், கேட்டுக் கேட்டு அலுத்த வாய்க்காலை அரசாங்கம் கடைசியில் வெட்டிவிட்டதென்று நினைத்து அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தது. அந்தச் சாலில் அடுத்த மழைக்குத் தண்ணீரும் போனதாகச் சொல்கிறார்கள். அது வேறு விஷயம்.

திரும்பும்போது டிராக்டர் முன்னால் வர, பின்னால் ஊர் இளவட்டங்கள் கலப்பையைச் சப்பரம்போலத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ஒச்சாயியின் அண்ணன் மொக்கையன் ஊர் எல்லையிலேயே காத்திருந்தார். கருப்புசாமிக்கு ஆடுகிற சாமியாடி அவர்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்.

"மாப்ள, இந்த வண்டிகிட்டச் சிலுப்புக் கேட்டீகளா?"

"இல்ல மச்சான்."

"கெடா வெட்டயில என்ன செய்வோம்? தலையில மஞ்சத்தண்ணிய ஊத்துவோம். அது ஒடம்பச் சிலுப்புனாத்தான் சாமி உத்தரவு. சிலுப்பாத கெடாவ வெட்டுவீகளா?"

"மாட்டேன்."

"சிலுப்பாத வண்டிய மட்டும் ஏன் உழவுக்குக் கொண்டு போனீக?"

இந்தக் கேள்விக்குப் பட்டணத்தில்கூடப் பதில் இருந்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் புஞ்சையில் வைத்தே கேட்பது என்று முடிவாயிற்று. கலப்பையைப் பின்னால் மாட்டியாயிற்று. மஞ்சள் நீரில் வேப்பிலை போட்டுக் குடங்கள் வந்தன. வண்டிக்குத் தலை எது என்பதில் முதலில் ஒரு வழக்கு நடந்தது. விளக்கு இரண்டும் கண், அதனால் முன்பக்கம்தான் தலை என்று ஒரு கட்சி. கோளாறு எங்கேயோ அங்கேதான் தலை என்று மொக்கையன் தீர்ப்புச் சொன்னார். பின்பக்கம் ஒரு குடம் ஊற்றினார்கள். வண்டி அசையவில்லை.

"மேலுக்கு ஊத்தி என்னய்யா? காதுக்குள்ள தண்ணி போகாம எந்தக் கெடா சிலுப்புச்சு?" என்றார் மொக்கையன்.

காதைத் தேடினார்கள். சீட்டுக்குக் கீழே வட்டமான மூடி ஒன்று இருந்தது. திருகித் திறந்தால் உள்ளே இருட்டு. கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டுக்கு எண்ணெய் ஊற்றுகிற வாய் அது. காதுக்கு உண்டான எல்லா லட்சணமும் அதற்கு இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காசிமாயனை என்ஜினை ஓட்டி லீவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மொக்கையன் கலப்பையின் மேல் ஏறி நின்று உறுமினார். ஒவ்வொரு குடமாக உள்ளே போயிற்று.

கடைசிக் குடம் பாதியில் இருக்கும்போது வண்டி சிலுப்பியது. சாதாரணச் சிலுப்பு இல்லை. பின்பக்கம் வெடவெடவென்று நடுங்கி, சீட்டிலிருந்த காசிமாயனின் பல் கிடுகிடுக்க, கலப்பை விட்டு விட்டு ஏறி, சாமியோடு சேர்த்து மேலே போய் நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். ஒச்சாயிகூட, எதிரே அடுப்பு இல்லாததால், ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"உத்தரவு ஆச்சு மாப்ள. எறக்கி உழுங்க."

காசிமாயன் லீவரைக் கீழே தள்ளினான். கலப்பை இறங்கவில்லை. இழுத்துத் தள்ளினான், ஏறி மிதித்தான். அது மேலேயே நின்றது. என்ஜினை நிறுத்தினான். அப்போதும் நின்றது.

மொக்கையன் நின்ற உயரம் ஆள் இடுப்பளவுதான். காலை நீட்டினால் தரை. ஆனால் அவர் நீட்டவில்லை.

"ஏத்துனது சாமி. அதுவா எறக்கணும். நானாக் குதிச்சா உத்தரவு செல்லாது."

ஆக, நேற்று வரைக்கும் ஏறாத கலப்பை இன்று முதல் இறங்காத கலப்பை. மொக்கையன் அதன் மேலேயே கோரைப்பாயை விரித்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியூரிலிருந்தெல்லாம் குறி கேட்க ஆள் வந்தது. இடுப்புயரத்திலிருந்து சொல்லும் குறிக்குத் தரையிலிருந்து சொல்லும் குறியைவிடப் பலன் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். ஒச்சாயி அண்ணனுக்குத் தட்டைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள். காசிமாயன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பார்த்தான். உருண்டை இன்னும் பிடித்தது, ஆனால் ஓரத்தில் உதிர்ந்தது. அவன் பஸ் ஏறினான்.

கோரிப்பாளையத்தில் நூர்தீன் பாய் என்று ஒரு மெக்கானிக். தான் கை வைக்காத வண்டி மதுரைக்குள் ஓடினால் அது ஓட்டமே இல்லை என்பது அவர் கட்சி. காசிமாயன் அவரையும், அவர் சொல்லிக் காளவாசலில் வாங்கிய புது எண்ணெய் டின்களையும் பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தான். பாய்தான் கூரையில் வருவேன் என்றார். பஸ்ஸின் கிளட்ச் சத்தம் உள்ளே உட்கார்ந்தால் அவருக்குப் பொறுக்காதாம்.

மறுநாள் முற்பகலில் வந்திறங்கிய பாய் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரலில் மஞ்சளாகக் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

"அண்ணே, இது மோர்க்கொழம்பேதான். உப்புத்தான் இல்ல. என்ன ஊத்துனீக?"

"மஞ்சத்தண்ணி பாய்."

"எம்புட்டு?"

"சிலுப்புற வரைக்கும்."

பாய் விரலைத் துணியில் துடைத்தார். பிறகு விளக்கினார். வண்டியில் முதலிலேயே போதுமான எண்ணெய் இல்லை, அதனால்தான் தூக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதும் உள்ளே மட்டம் ஏறிவிட்டது, பம்புக்கு இழுக்க ஏதோ ஒன்று கிடைத்தது, தூக்கிவிட்டது. எண்ணெயும் தண்ணீரும் காற்றுமாக இழுத்ததால் வந்ததுதான் நடுக்கம்.

"பாத்தீகளா, தூக்குச்சுல்ல" என்றார் மேலிருந்து மொக்கையன்.

"தூக்குச்சுண்ணே. நான் இல்லேங்கல. இப்ப எல்லாத்தையும் வடிக்கணும்."

"சாமி தண்ணி. பூமியில சிந்தப்படாது."

"நீங்க சாமிகிட்டக் கேட்டுக்கிருங்க. வண்டிகிட்ட நான் கேட்டுக்கிறேன்."

பேச்சு இழுத்துக்கொண்டே போக, வெயிலும் ஏறிக்கொண்டே போயிற்று. காசிமாயன்தான் முடித்து வைத்தான். சிந்தாமல் வடிப்பது, வடித்ததை வந்தவர்களுக்குத் தீர்த்தமாகக் கொடுத்துவிடுவது. சொல்லி வாய் மூடுவதற்குள் தூக்குவாளிகளும் சொம்புகளும் வரிசையில் நின்றன. வலது தோள் இறுகிப்போய் நெடுங்காலமாகக் கை தூக்க முடியாத செல்லத்தாய் அதை அங்கேயே வாங்கித் தேய்த்தாள். கை மேலே போயிற்று. போனது இறங்கவில்லை. வீட்டுக்குப் போக ரோட்டுக்கு வந்தவளைப் பார்த்து, ஈச்சம்பட்டியில் எந்தக் காலத்திலும் நிற்காத உசிலம்பட்டி பஸ் நின்றது. பின்னால் வந்த லாரியும் நின்றது. அன்று சாயந்தரத்துக்குள் அந்த வழியில் ஒரு போக்குவரத்தும் நிற்காமல் போகவில்லை.

வடிந்து முடிந்ததும் பாய் உள்ளே டீசல் ஊற்றி அலசினார். எண்ணெய் வடிகட்டும் சல்லடையைக் கழற்றி, அதிலிருந்து ஒரு கைப்பிடி வண்டலை எடுத்தார். பிறகு பக்கத்து மூடியை அவிழ்த்து, குறடால் எதையோ இழுத்தார். வந்தது வேப்பிலை, காம்போடு. தூக்கின எண்ணெயைத் திரும்ப வெளியே விடுகிற வால்வில் மாட்டிக்கொண்டு, இறங்கும் வழியை அடைத்திருந்தது அதுதான். அவர் இழுத்த அடுத்த கணம் கலப்பை மொக்கையனோடு தொம்மென்று தரையில் உட்கார்ந்தது.

"சாமி எறக்கிருச்சு" என்றார் மொக்கையன், மூச்சு வந்ததும்.

புது எண்ணெய் போயிற்று. லீவரை இழுத்தால் கலப்பை வெண்ணெய்போல ஏறியது, தள்ளினால் இறங்கியது. ஆனால் உழ ஆரம்பித்தால் கொத்து மேலோட்டமாகவே கீறியது. நாள் பிந்தியதில் ஏறிய வெயிலில் மேல்மண் இறுகிவிட்டது. ஈரம் அதற்குக் கீழே இருந்தது.

"மேல வெயிட்டு வேணும்ணே. ரெண்டு பெரிய கல்லாக் கட்டுங்க" என்றார் பாய்.

கல் கிடப்பது ஓடைக்கு அந்தப் பக்கம். போய் எடுத்து வருவதற்குள் ஈரம் இருக்காது. காசிமாயன் திரும்பிப் பார்த்தான். மொக்கையன் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு, இறங்குவதற்கு ஒரு காலைக் கீழே வைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"மச்சான், கால வைக்காதீக."

"ஏன் மாப்ள?"

"எறங்குங்கன்னு வண்டி இன்னும் சிலுப்பலையே."

மொக்கையன் யோசித்தார். அவர் பேச்சுதான் அது, மறுக்க வழியில்லை. காலை மேலே எடுத்துக்கொண்டார். நல்ல ஆகிருதி. ஒன்பது கொத்தும் தரைக்குள் முழங்கை ஆழம் இறங்கின. ஈரமண் கருகருவென்று புரண்டு வந்தது. வரப்பு வரும்போதெல்லாம் மொக்கையன் மேலே போவார், வண்டி திரும்பும், அவர் கீழே வருவார். குறி கேட்க வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து இரு வரப்பிலும் நின்றுகொண்டது. அவர் மேலே ஏறுகிற நேரத்தில் கேள்வி, எதிர் வரப்புக்குப் போய் ஏறுகையில் பதில். அதனால் ஒருவர் கேட்டதற்கு வேறொருவருக்குப் பதில் போயிற்று. ஆயினும் எல்லாம் பலித்ததாகத்தான் கேள்வி.

ஒச்சாயி மடியில் விதையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வீசி வந்தாள்.

"கால மடக்கிக்கண்ணே. வெதையெல்லாம் உன் வேட்டிக்குள்ள விழுகுது."

வெயில் சாயும்போது கடைசிச் சாலும் முடிந்தது. காசிமாயன் வரப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்தி என்ஜினை அணைத்தான். ஒச்சாயி மடியை உதறி, ஒட்டியிருந்த ஒரு சோளத்தையும் எடுத்து மண்ணில் போட்டு மிதித்தாள். பிறகு, சுற்றிலும் அடுப்பு எதுவும் இல்லை என்பதால், அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாடுனா இந்நேரம் பாதிதான் உழுதிருக்கும்."

காசிமாயன் சீட்டிலிருந்து குனிந்தான். "என்ன சொன்ன?"

"ஒண்ணுஞ் சொல்லல. எங்கண்ணன மேலேயே நிப்பாட்டிட்டீக, எறக்கி விடுங்கன்னேன். சோறு ஆறுது."