மீதி ஆறு பக்கங்கள்

ஜோல்தோஷ் ஒன்பதாவது திருகைக் கழற்றிச் சாசரில் போட்டபோது, உள்ளறையிலிருந்து புருல் கரண்டியால் சுவரைத் தட்டினாள். இரண்டு தட்டு. இரண்டு என்றால் 'ஆச்சா?' என்று அர்த்தம். மூன்று என்றால் தண்ணீர். கூப்பிடுவதற்கு ஆகும் மூச்சைக்கூட அவள் படிப்பதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணுதான்," என்றார் அவர் சமையலறையிலிருந்து.

மடிக்கணினியின் அடிமூடி கையோடு வந்தது. மகள் ஐசிரெக் தலைநகர் பிஷ்கெக்கில் புதிது வாங்கியபோது அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பழசு அது. விசிறி உள்ளங்கை அளவுகூட இல்லை. இறக்கைகளில் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் வழித்தெடுத்தார். பஞ்சை ஊசியில் சுற்றி அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். விரலால் சுண்டிப் பார்த்தார். கரகரவென்று இழுத்துக்கொண்டு சுற்றி நின்றது. கிர்கிஸ்தானின் கராகோல் ஊரில் முப்பத்தைந்து வருடம் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்தவர் அவர். அந்தச் சத்தத்துக்கு மேல் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மூடியைத் திரும்பப் பொருத்தி உள்ளே எடுத்துப்போனார். கட்டிலைச் சுற்றிலும் பஞ்சுமெத்தைகளை நிறுத்திவைத்து, எதிரொலி கேட்காதபடி புருலுக்கு ஒரு கூடு கட்டியிருந்தார். நடுவில் தலையணைகளில் சாய்ந்து, வீங்கிய கால்களைப் போர்வைக்குள் நீட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒலிவாங்கி. மடியில் தடித்த புத்தகம்.

"பேரிங் தேய்ஞ்சுபோச்சு. இதுக்கு மேல சரிபண்ண முடியாது. புது ஃபேன் வெள்ளிக்கிழமை மினிபஸ்ல வந்துரும்."

"இன்னைக்கு புதன்தானே," என்றாள் புருல்.

ஜன்னல் வழியாக வெயில் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஊர்ல இருக்கற ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் வாயை மூட வச்ச மனுசன்," என்றாள் கொஞ்சம் கழித்து. "ஒரு சின்னக் காத்தாடிய அடக்க முடியல."

"ஃப்ரிட்ஜு சொன்னா கேக்கும். இது உன்னை மாதிரி, கிழவி."

அவள் சிரித்தாள். சிரித்ததற்கு அரை நிமிடம் மூச்சு வாங்கினாள்.

புருல் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம் என்று அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு, பார்வையில்லாதவர்களுக்கான நூலகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புத்தகம் படித்துப் பதிவுசெய்து அனுப்பிவந்தாள். இது பதினான்காவது புத்தகம். மாலுமிகளைப் பற்றிய அறுநூற்று நாற்பது பக்க நாவல். புருல் கடலைப் பார்த்ததில்லை. ஜோல்தோஷும் பார்த்ததில்லை. இரண்டு பனிக்காலமாக அந்தக் கப்பல் அவர்கள் படுக்கையறைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரிகூட ஜோல்தோஷ் கேட்டதில்லை. அவள் படிக்கும்போது அவர் வேலையெல்லாம் சத்தம் போடாமல் இருப்பதுதான். குழாயைத் திறக்கக்கூடாது, இருமக்கூடாது, முக்கியமாகக் கதவைத் திறக்கக்கூடாது.

சென்ற மாதம் நூலகத்து மைராம் போனில் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "புருல் அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பின்னாடி ஒரு இரைச்சல் வருது. ஒரு பெரியவர் கேட்டாரு, இந்தம்மா மாவு மில்லுல உக்காந்து படிக்கிறாங்களான்னு."

அன்றிலிருந்து ஜோல்தோஷ் எல்லாம் செய்து பார்த்துவிட்டார். அலமாரிக்குள் வைத்தார். கம்பளி ஒட்டிய அட்டைப்பெட்டியில் வைத்தார். போர்த்தப் போர்த்த அது சூடேறி இன்னும் உரக்கக் கத்தியது. போன சனிக்கிழமை பால்கனியில் வைத்து, ஒலிவாங்கியின் வயரை ஜன்னலின் மேல்மூலைச் சிறு கதவு வழியாக உள்ளே விட்டார். இரைச்சல் அடியோடு போய்விட்டது. ஆனால் குளிரில் பேட்டரி விறைத்துக் கணினி அணைந்து, நாற்பது நிமிடம் படித்தது காணாமல் போயிற்று. அன்று புருல் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"பால்கனியிலயே வைங்க, ஐசிரெக் அப்பா," என்றாள் இப்போது. "பதினோரு பக்கம். முடிச்சிடறேன்."

"மறுபடி அணைஞ்சா?"

"நீங்க கூட நில்லுங்க. அணையற மாதிரி இருந்தா கண்ணாடியைத் தட்டுங்க. நிறுத்திக்கறேன்."

அவர் ஆட்டுத்தோல் கோட்டை மாட்டினார். பால்கனியில் முக்காலியின்மேல் கணினியை வைத்து, வயரை உள்ளே விட்டு, இடுக்கில் துணியைத் திணித்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. வானம் துடைத்த மாதிரி இருந்தது. திரையில் வெயில் அடித்ததால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று நிழல் கொடுத்தார். பேட்டரி இருக்கும் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட ஆரம்பித்திருந்தது. தலையிலிருந்த ரோமத் தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தார்.

புருல் படிக்கத் தொடங்கியதைத் திரையில்தான் தெரிந்துகொண்டார். குரலின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு பொங்கிப் பொங்கி ஓடியது. இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓர் ஒலியும் வரவில்லை. கீழே முற்றத்தில் பக்கத்துக் கட்டடத்துப் பெண்கள் கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். காது எரிந்தது. எண்கள் ஓடின. பத்து நிமிடம், பதினைந்து, இருபது. இடையிடையே கோடு தாழ்ந்து கிடக்கும். மூச்சு வாங்குகிறாள் என்று காத்திருப்பார். மறுபடி எழும்.

இருபத்தாறாவது நிமிடத்தில் கோடு தாழ்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னதாக ஓர் அலை எழுந்து அடங்கியது. இருமினாள் போலிருக்கிறது என்று நினைத்தார். பிறகு எழவில்லை. சமீபமாக அவள் நீண்ட நேரம் ஓய்வெடுப்பதுண்டு, நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். திரும்பிப் பார்த்தால் நிழல் விலகித் திரையில் கோடு தெரியாமல் போகும் என்று அப்படியே நின்றார். எட்டு நிமிடம் ஆனது. கண்ணாடியைத் தட்டலாமா என்று யோசித்தார். தட்டினால் அணையப்போகிறது என்று அவள் பதறுவாள். பதின்மூன்று நிமிடம் கழிந்ததும் திரும்பினார். கண்ணாடியில் வானமும் தன் கோட்டும்தான் தெரிந்தன. கைகளைக் குவித்து உள்ளே பார்த்தார். தலை சற்றுச் சாய்ந்திருந்தது. தூங்குகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

உள்ளே போனபோதுகூடப் பழக்கத்தில் கதவை ஓசைப்படாமல் திறந்தார்.

"புருல்," என்றார். பிறகு இன்னொரு தரம்.

புத்தகம் மடியில் திறந்தே இருந்தது. அவள் வலக்கையை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். அவள் கண்களை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பால்கனிக்குப் போய், அவள் சொல்லிக்கொடுத்திருந்தபடி பதிவை நிறுத்தினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மகளுக்குப் போன் செய்தார்.

மதியத்துக்குள் முற்றத்தில் துக்கத்துக்கான யூர்த் என்னும் வட்டக் கூடாரம் எழும்பிவிட்டது. கட்டடத்து ஆண்களே பனியை வாரி ஒதுக்கிச் சட்டங்களை நிறுத்தினார்கள். இரண்டாம் மாடியிலிருந்து புருலை இறக்கிக் கூடாரத்தில் பெண்களுக்கான பக்கத்தில் கிடத்தினார்கள். பெண்கள் உள்ளே ஒப்பாரிக்கு உட்கார்ந்தார்கள். ஜோல்தோஷ் இடுப்பில் துணி கட்டி, கோலூன்றி வாசலில் நின்றார். வருகிற ஆண்கள் தூரத்திலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு வந்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் முறைப்படி பதில் அழுதார். கண்ணீர் வரவில்லை. குளிருக்கு அது நல்லதாயிற்று.

ஐசிரெக் மாலையில் வந்தாள். அவரைக் கட்டிக்கொள்ளாமல் நேராகக் கூடாரத்துக்குள் போனாள். அவள் குரல் மற்றப் பெண்களின் குரலோடு சேர்ந்துகொண்டதை அவர் வெளியே நின்று கேட்டார்.

மறுநாள் காலை நாரின் பக்கமிருந்து புருலின் பிறந்த வீட்டார் இரண்டு வண்டிகளில் வந்தார்கள். செத்தது பெண் என்றால் அவள் பிறந்த வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூத்த அண்ணன் எசென்குல் எழுபதைத் தாண்டியவர். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கி, குடிக்காமலே கேட்டார்.

"மாப்ளை. என் தங்கச்சி போறப்ப பக்கத்துல யாரு இருந்தா?"

சுற்றியிருந்தவர்கள் அவர்கள் பக்கம் திரும்பினார்கள்.

"நான் இருந்தேன், மச்சான்."

"தனியா விடலயே?"

"இல்ல."

"என்ன சொல்லிட்டுப் போனா?"

"படிச்சிட்டிருந்தா," என்றார் ஜோல்தோஷ். "படிக்கறப்பவே போயிட்டா."

எசென்குல் முகத்தைக் கைகளால் தடவிக்கொண்டார். "படிச்சிட்டே போனாளா. குடுத்து வச்சவ."

எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்கவில்லை. அன்று மாலைக்குள், புருல் குர்ஆன் ஓதிக்கொண்டே உயிர்விட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பேருந்து நிலையத்து ஆட்கள் வந்து, அந்தக் குரலுக்கு அது தகும் என்றார்கள். ஜோல்தோஷ் யாரையும் திருத்தவில்லை. ஐசிரெக் மட்டும் போர்ஸோக் பலகாரம் பொரிக்கும் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி அவரை ஒருமுறை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் அடக்கம். உடலைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் மினிபஸ் ஓட்டுநர் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். துக்கம் கேட்டான். பிறகு சங்கடத்தோடு ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினான். "உங்க பேர் போட்டிருக்கு. வேற யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியல." ஜோல்தோஷ் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். இடுகாட்டில் குனிந்து மூன்று பிடி மண் போடும்போது அது விலாவில் இடித்தது.

சனிக்கிழமை காலை, பிறந்த வீட்டார் கிளம்பிப் போன பிறகு, ஜோல்தோஷ் சமையலறை மேஜையில் கணினியைக் கவிழ்த்துப் போட்டுப் புது விசிறியைப் பொருத்தினார். பதினைந்து நிமிட வேலை. இயக்கியபோது, காதை வைத்துக் கேட்டால்தான் ஓடுவது தெரிந்தது.

"மைராம் அக்கா பேசினாங்க," என்றாள் ஐசிரெக். "துக்கம் கேட்டாங்க. படிச்ச வரைக்கும் அனுப்புங்க, மீதியை வேற யாராவது படிப்பாங்கன்னு சொன்னாங்க. வெட்டி அனுப்பணும்."

"உனக்கு வெட்டத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப செய்."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, மேஜைமேல் கிடந்த திருகுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்ததும் கலைத்துவிட்டு மறுபடி பிரித்தார். மகள் அசையாமல் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். ஓரிடத்தில் அவள் கை ஹெட்போனை இறுக்கிப் பிடித்தது. பிறகு பின்னால் நகர்த்தி அதே இடத்தை மீண்டும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு திரையிலிருந்த நேரக்கணக்கைப் பார்த்தாள்.

"படிச்சு நிறுத்தினதுக்கப்புறம் பதினாலு நிமிஷம் ஓடியிருக்குப்பா. நீங்க உள்ள வர்ற வரைக்கும்."

"ஆமா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பால்கனியில."

தேநீர்ப் பாத்திரம் கொதிக்க ஆரம்பித்தது. அவர் எழுந்து அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் இன்னும் ஏதோ கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தார். மாமாவிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாள். ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்பாள்.

"அன்னைக்கு ஏன்ப்பா தொப்பி போடாம நின்னீங்க?" என்றாள் ஐசிரெக்.

அவர் நிமிர்ந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இருமல் என்று நினைத்த அந்தச் சின்ன அலை நினைவுக்கு வந்தது.

"லேப்டாப்புக்குப் போட்டிருந்தேன்," என்றார். "பேட்டரி விறைச்சிரும்."

"சரி."

"எதாவது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். திருகுகளைக் கையால் ஒதுக்கி ஒரே குவியலாக்கினார். மகள் அவரைப் பார்க்காமல் திரையில் எதையோ குறித்து அழுத்தினாள்.

"கடைசி வாக்கியம் வரைக்கும் அவங்களுக்கு அனுப்பறேன். மிச்சத்தைத் தனியா வச்சுக்கறேன். உங்களுக்கு வேணும்னா கேளுங்க. எப்ப வேணும்னாலும்."

அவர் தலையசைத்தார். இரண்டு கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். பால் கலந்தார். வழக்கமாகப் போடும் உப்பை அவளுடையதில் போட்டாயிற்றா என்பதை மறந்து இன்னொரு தரம் போட்டார். அவள் அதை அப்படியே குடித்தாள்.

"எதுல நிறுத்தியிருக்கா?" என்று கேட்டார்.

ஐசிரெக் உள்ளறைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து பக்கம் தேடினாள். "கப்பலுக்குக் கரை தெரியுது. ஆனா காத்து நின்னுபோச்சு. மாலுமிங்க எல்லாரும் மேல்தட்டுல வந்து நிக்கறாங்க. அந்த வரியோட நிறுத்திட்டாங்க. இன்னும் ஆறு பக்கம் இருக்கு."

ஜோல்தோஷ் அதை யோசித்துப் பார்த்தார். அறுநூற்றுச் சொச்சம் பக்கம் ஓடி வந்த கப்பல்.

"கரை சேருதா?"

"தெரியலப்பா. நான் படிச்சதில்ல."

"படியேன்."

"இதுல பதிவு பண்ணவா?" என்று கணினியைக் காட்டினாள்.

"அது எதுக்கு. சும்மா படி."

அவள் நாற்காலியை வெளிச்சத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். அவளுக்கு அம்மாவின் குரல் இல்லை. கப்பல் சம்பந்தப்பட்ட சொற்கள் வந்த இடத்தில் திக்கி, திரும்பப் போய்ப் படித்தாள். ஜோல்தோஷ் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, சொந்தக்காரர் வீட்டுச் செய்தி கேட்பதுபோல் முன்னால் சாய்ந்து கேட்டார். இரண்டாவது பக்கத்தில் மாலுமி ஒருவன் விரலை நனைத்துத் தூக்கிக் காற்றைப் பார்த்தான். கீழே முற்றத்தில் பெண்கள் விரிப்புகளைப் பனிமேல் போட்டுத் தடியால் அடிக்கத் தொடங்கினார்கள். ஐசிரெக் குரலைச் சற்று உயர்த்தினாள்.