மூன்றே முக்கால் அடி

"சித்த சாய்ச்சுப் புடிங்க" என்றார் மார்ட்டின்.

பெட்டியின் தலைமாட்டைப் பிடித்திருந்த சடையன் சாய்க்கவில்லை. உள்ளே மனிதர் இருக்கிறார் என்பதை அவன் கைகள் மறக்கவில்லை. நேராகவே இன்னொரு முறை உந்திப் பார்த்தான். ஐஸ் பெட்டியின் இரும்புக் கைப்பிடி வீட்டு வாசலின் வேப்பமர நிலையில் மோதி நின்றது. கைப்பிடிக்கும் மரத்துக்கும் நடுவில் அகப்பட்ட அவன் விரல்முட்டிகளில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

"போகாதுங்க. நிலை ரெண்டரை அடி. பெட்டி ரெண்டே முக்காலுக்கு மேல இருக்குது."

தெருவில் கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பங்குக் கோயில் பெண்கள் ஜெபமாலையை நிறுத்தாமல் குரலை மட்டும் தணித்தார்கள். சங்ககிரி மலைக்கோட்டைக்கு மேலே வைகாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அக்சிலியா படியருகே நின்றாள். அவளுடைய நகக்கண்களில் வெள்ளை சிமெண்ட் காய்ந்திருந்தது. காலை ஏழு மணிக்குப் பவானி ரோட்டு வீட்டில் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அவளும் அவள் கணவர் கிறிஸ்துராஜும். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் அவர் கொத்துக்கரண்டியைக் கலவைச் சட்டியில் வைத்துவிட்டு, "தண்ணி குடு புள்ள" என்றார். சொம்போடு அவள் திரும்பியபோது சுவரில் சாய்ந்திருந்தார். கரண்டி சட்டியின் விளிம்பில் ஒழுங்காகப் படிந்திருந்தது. கை தவறி விழுந்ததன்று, வைக்கப்பட்டது. மருத்துவமனையில் மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், பிறகு தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இருவருக்கும் தொழில் ஒன்றே. அவர் கொத்தனார், அவள் சித்தாள், அப்படித்தான் தொடங்கினார்கள். பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன வீடுகளை, ஓடு சரிந்த வீடுகளை, சுவரில் அரசு முளைத்த வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, வேரைப் பிடுங்கி, தளம் போட்டு, தண்ணீர் வழிகளைத் திருப்பி, சுண்ணாம்பு மணக்க மணக்க வாடகைக்கு விட்டார்கள். அவர் இழுத்த கோட்டுக்கு அவள் செங்கல் எடுத்துக் கொடுத்தாள். போகப் போக அவள் இழுத்த கோட்டுக்கும் அவர் கல் வைத்தார். ஆறு வீடுகள். அவற்றில் லாரி ஓட்டுநர்களும், இளம்பிள்ளையிலிருந்து வந்த தறிக்காரக் குடும்பம் ஒன்றும், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் குடியிருந்தார்கள்.

ஆறு வீடுகளுக்கும் கிறிஸ்துராஜ் ஒரே கட்டளை வைத்திருந்தார். தலைவாசல் மூன்றே முக்கால் அடி அகலம் இருக்க வேண்டும். தச்சர் சிரித்தார்: "ஏனுங்க, கூடத்துக்குள்ள லாரி உடப் போறீங்களா?" அவரும் சேர்ந்து சிரித்தார். அளவை மட்டும் மாற்றவில்லை. பெட்டி, அதைப் பிடித்திருக்கும் கைகள், கைகளுக்கு வெளியே இருபுறமும் நான்கு நான்கு விரற்கிடை. தூக்குகிறவனின் விரல்முட்டி உரசக் கூடாது. அந்தக் கணக்கு அவருக்கும் அக்சிலியாவுக்கும் மட்டுமே தெரியும்.

குடி வருகிறவர்களிடம் முன்பணத்தைப் பற்றிப் பேசுமுன்பே சொல்லிவிடுவார்: "நல்லது கெட்டது எல்லாருக்கும் உண்டுங்க. சாவு வந்தா கூடத்துல வெச்சுக்கங்க. என்னைக் கேக்க வேண்டாம்." பால் காய்ச்ச வந்தவர்கள் முகம் சுளித்துத் திரும்பிப் போனதும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவார்.

இத்தனை அகலமாக வாசல் வைத்தவருடைய சொந்த வீட்டின் வாசல் இரண்டரை அடி. கடைசியாக வாங்கியது, வாங்கிய நாளிலிருந்து கடைசியாகவே நின்றது. தளம் போட்டபோதே, பின்னால் அகலப்படுத்த வேண்டும் என்று வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டலை நீளமாக வார்த்துவைத்தார். அதற்குள் ஒரு குடியிருப்பில் கழிப்பறை அடைத்துக்கொண்டது; இன்னொன்றில் மழை ஒழுகியது. "குடியிருக்கறவங்க ஊடு மொதல்ல புள்ள. நம்முளுதுக்கு என்ன அவசரம்" என்பார். அவளும் ஆமென்றாள். அந்தப் பிழை இருவருக்கும் பொது.

"செரி, எறக்கி வெய்யுங்க" என்றார் மார்ட்டின். கிறிஸ்துராஜின் அண்ணன் அவர். மேட்டூர்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தெருவுலயே பந்தல் போட்டுரலாம். எத்தனையோ பேரு அப்படித்தான வெக்கறாங்க."

"உடம்ப மட்டும் பாயில தூக்கி உள்ள வெச்சரலாமுங்களே" என்றார் ஒருவர்.

"இந்த வெயிலுக்கா? உன்ற மக ஜெர்லின் நாளைக்குக் காத்தாலதான் பெங்களூருலிருந்து வாரா. ஐஸ் பெட்டி இல்லாம ஆகாது." மார்ட்டின் அக்சிலியா பக்கம் திரும்பினார். "என்ன அம்மிணி, பந்தலுக்குச் சொல்லிரட்டுமா?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே அவர் முகத்தில், வலப்புருவத்தின் மேல், சிமெண்ட் ஒரு புள்ளியாக ஒட்டியிருந்தது.

இவரைத் தெருவிலா?

சேலத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த காலத்தில் அவருடைய அப்பா இறந்தார். ஐப்பசி மழை. மருத்துவமனை வண்டி வந்து நின்றபோது வீட்டுக்காரர் கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றார். "வாடகை ஊட்டுல பொணத்த வெச்சா, அப்பறம் எவன் குடி வருவான்?" என்றார். லாரிப் படுதா ஒன்றை இரவல் வாங்கித் தெருவில் கட்டினார்கள். படுதாவின் கிழிசல் வழியே நீர் இறந்தவரின் நெற்றியில் சொட்டியது. அடக்கத்துக்கு எடுக்கும்வரை கிறிஸ்துராஜ் அந்தச் சொட்டுக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார். கை நிறையும், கவிழ்ப்பார், மறுபடியும் ஏந்துவார். புது மருமகளாக இருந்த அக்சிலியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குப் பிறகு கட்டிய வாசல்கள்தாம் பேசின.

"அன்னைக்கும் நீங்க இதையேதான் சொன்னீங்க மாமா" என்றாள் அக்சிலியா.

மார்ட்டினுக்கு விளங்கியது. "அன்னைக்கு ஊட்டுக்காரன் உடல. நாம என்ன பண்ண முடியும்?"

"இன்னைக்கு ஊட்டுக்காரி நானு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சடையனின் மனைவி மாரக்காள் முன்னே வந்தாள். கோட்டைத் தெரு வீட்டில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள் அவர்கள். "அக்கா, நம்ம ஊட்டுக்குக் கொண்டாந்துருங்க. எங்க மாமியா செத்தப்ப அந்தக் கூடத்துலதான கெடந்தாங்க. அண்ணன்தான பெஞ்சு தூக்கியாந்து போட்டாரு. கதவு தாராளமா இருக்குதுக்கா."

"ஆமாங்க்கா" என்றான் சடையன், விரல்முட்டியை வேட்டியில் துடைத்துக்கொண்டே. "ஒரு பேச்சுச் சொல்லுங்க, நாலு பேரு இப்பவே தூக்கிருவோம்."

வாடகைக்கு இருக்கிறவர்கள் வீட்டுக்காரருக்கு இடம் கொடுக்கிறார்கள். அக்சிலியா மாரக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியிலேயே தலையை அசைத்தாள்.

"ஆறு ஊட்டுக்கு வாசல் வெச்ச மனுசன், சாமி. அவுரு ஊட்டுக்குள்ள அவுரு போகோணும். சடையா, உன்ற லாரியில ஜாக்கி இருக்குதா?"

"இருக்குதுங்க. எதுக்குங்க்கா?"

"ரெண்டு வேணும்."

அவள் வீட்டுக்குள் போனாள். வாசலுக்கு இடப்பக்கம், உட்சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியை ஆணியிலிருந்து எடுத்தாள். அதன் பின்னே, சுவரில், தூக்குக்குண்டு விட்டு இழுத்த பென்சில் கோடு ஒன்று மேலிருந்து கீழே நேராக இறங்கியது. கோட்டின் அருகே அவர் கையெழுத்தில் 3¾. ஒவ்வோர் ஆண்டும் புது நாட்காட்டி வரும், அதே ஆணியில் மாட்டுவார்கள், கோட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள், மாட்டிவிடுவார்கள்.

முக்காலியின்மேல் ஏறி, நிலையின் உச்சியில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையை எடுத்து மாரக்காளிடம் கொடுத்தாள். பிறகு பின்கட்டிலிருந்து கடப்பாரையும் சுத்தியலும் உளியும் கொண்டுவந்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

ஜெபமாலை நின்றது.

"என்ன புள்ள இது" என்றாள் எதிர்வீட்டு ராஜம்மாள். "புருசன் கெடக்கையில கடப்பாரையக் கையில எடுக்கற?"

"கெடக்கறாருன்னுதான் எடுக்கறனுங்க பெரியம்மா."

"ஊரு என்ன பேசும்?"

"ஊருக்கு வேற வேலை இல்லீங்களா. பேசட்டும்."

மார்ட்டின் குறுக்கே வந்தார். கோபத்தைவிட அச்சமே அவர் முகத்தில் இருந்தது. "பைத்தியமா உனக்கு? செவுரு இடிஞ்சு விழுந்தா? பெட்டி இங்க கெடக்குது, இத்தனை சனம் நிக்குது."

"உழுகாதுங்க."

"எப்படித் தெரியும் உனக்கு?"

"லிண்டல் அஞ்சடி இருக்குது மாமா. இதுக்குன்னே போட்டாரு. கம்பி கட்டுனது நானு." நிலையைக் கையால் தட்டிக் காட்டினாள். "இது போனா மூணடி. இன்னம் ஒரு செங்கல் நீளம் கொத்தோணும். ரெண்டு மணி நேரம். பெட்டிய அந்தப் புங்கமரத்து நெழலுக்குத் தள்ளிக்கங்க. ஒயரை எங்க பிளக்குலயே சொருகிக்கலாம்."

மார்ட்டின் பெட்டியை நிழலுக்குத் தள்ளச் சொன்னார்.

சடையன் ஜாக்கிகளைக் கொண்டுவந்தான். மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் வைத்து லிண்டலுக்கு முட்டுக் கொடுத்தான். பத்து டன் சுமையின் கீழ் நின்று பழகிய ஜாக்கிகள். அவை சற்றும் அசையவில்லை. அக்சிலியா நிலைக்கும் சுவருக்கும் இடையே கடப்பாரையின் நுனியைச் செருகி நெம்பினாள். முதல் நெம்புக்கு நிலை முனகியது. இரண்டாவதற்குப் பூச்சு பொரிந்து விழுந்தது. மூன்றாவதற்கு, எத்தனையோ ஆண்டுகளாகச் சுவரைப் பற்றியிருந்த இரும்புப் பட்டை பிடியை விட்டது.

ஜெபமாலை மறுபடியும் தொடங்கியது. யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. அருள் நிறைந்த மாதாவை ஒருபுறம் அழைத்து மறுபுறம் விடை சொல்லும் அந்த ஓசையின் ஏற்றத்தில் சுத்தியல் எழுந்தது, இறக்கத்தில் விழுந்தது. உளி செங்கல்லின் பொருத்தைத் தேடிப் பிடித்தது. அவள் கோட்டைத் தாண்டி ஒரு நூலளவும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு அவர் கற்றுக்கொடுத்தார். எங்கே நிறுத்துவது என்பதை அவள்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தாள் என்று அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு.

கல்லும் மண்ணும் காலடியில் குவிந்தன. ஒரு சட்டி அவள் பார்வைக்குள் வந்தது. நிமிர்ந்தாள். மார்ட்டின் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இடிபாட்டை இரு கைகளாலும் அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. நிறைந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். வெறும் சட்டியோடு திரும்பி வந்தார்.

ஒரு மணிக்குச் சற்று முன்னதாகக் கிறிஸ்துராஜ் தம் வீட்டுக்குள் போனார். சடையன் தலைமாட்டில், மார்ட்டின் கால்மாட்டில். யாரும் எதையும் சாய்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஜெர்லின் வந்தாள். கதவில்லாத வாசலைக் கண்டு தெருவிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய் அப்பாவின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நண்பகல் தாண்டி வெளியே வந்தபோது, அம்மா வாசலில் குந்தியிருந்து பல்லிளித்த செங்கற்களின்மேல் கலவை பூசிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கும்மா இது?"

"கல்லு கூரா இருக்குது. தூக்கறவங்க கையக் கிழிச்சுரும்."

ஜெர்லின் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு, சுவரோரம் கிடந்த மட்டப்பலகையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். இருவரும் ஓரத்தைத் தேய்த்து நேராக்கினார்கள். கலவை தீர்ந்ததும் அக்சிலியா கரண்டியைக் கழுவிச் சட்டியின் விளிம்பில் வைத்தாள்.

மூன்று மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். மன்றாட்டு முடிந்தது, தூபம் கூடத்தின் தளத்தைத் தடவி வெளியேறியது. மரப்பெட்டியை மூடி, பக்கத்துக்கு மூவராக ஆறு பேர் தூக்கினார்கள். சடையனின் விரல்முட்டிகளில் மாரக்காள் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தாள். வாசலுக்கு வந்ததும் அக்சிலியா முன்னே வந்து நின்றாள்.

"நில்லுங்க."

நின்றார்கள். அவள் குனிந்து, சடையனின் கைக்கும் சுவருக்கும் இடையே தன் நான்கு விரல்களைச் சேர்த்துச் செருகினாள். சரியாகப் பொருந்தின. மறுபக்கம் போனாள். மார்ட்டினின் கைக்கும் சுவருக்கும் இடையே செருகினாள். அங்கேயும் பொருந்தின.

"போங்க" என்றாள்.

பெட்டி எதிலும் உரசாமல் வெயிலுக்குள் இறங்கியது. பின்னாலேயே ஜெர்லின் போனாள். மாரக்காள் குருத்தோலைச் சிலுவையை ஏந்திக்கொண்டு போனாள். கூடம் ஒழிந்தது. கடைசியாக அக்சிலியா படியிறங்கினாள்.

இன்னும் இறுகாத பூச்சில், வாசலின் இருபுறமும், இடுப்புயரத்தில், நான்கு நான்கு விரல்களின் பள்ளம் மட்டும் பதிந்திருந்தது.